இருபத்திமூன்றாம் வீடு

லங்காஸ்டர், பென்சில்வேனியா
அக்டோபர் 20, 1998, செவ்வாய்

அன்புள்ள மலிண்டா,

நேற்று இந்த வருஷத்தின் முதல் உறைபனி விழுந்து எங்கள் பூசணிக்கொடி எல்லாம் கறுத்துவிட்டது. உங்கள் வீடு அரை மைல் தூரம்தான் என்பதால் உங்களுடையதும் கறுத்திருக்கும். அரை மைலுக்கு ஸ்டாம்ப் ஒட்டுவது கிறுக்குத்தனம் என்று அம்மா சொன்னாள். ஆனால் நேற்று தீவனக் கடையில் நீ என்னைப் பார்த்துவிட்டு, குதிரையின் வாரைச் சரிசெய்கிறவள்போல் முதுகைக் காட்டினாய். வார் சரியாகத்தான் இருந்தது. அதனால் நேரில் வராமல் எழுதுகிறேன்.

சீட்டு விழுந்து உன் அப்பா போதகராகிவிட்டார் என்ற செய்தி ஞாயிறு மாலை பால் கறக்கும் நேரத்துக்கே எங்களுக்கு வந்துவிட்டது. என் அப்பா, "கிதியோனுக்கா விழுந்துச்சு?" என்று கேட்டார். பிறகு காப்பியைக் குடிக்காமலே தொழுவத்துக்குப் போய்விட்டார். உங்களுக்காக ஜெபம் பண்ணும்படி அம்மா சொன்னாள். பண்ணினோம்.

நம் அமிஷ் சபை இரண்டாகப் பிரியாமல் இருந்திருந்தால் நானும் அன்று அங்கே இருந்திருப்பேன். பிறந்ததிலிருந்து நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். செப்டம்பரில் குவாரி ரோட்டைக் கோடாக வைத்து, தெற்கே ஒரு சபை, வடக்கே ஒரு சபை என்று ஆக்கினார்கள். நீங்கள் வடக்கே போய்விட்டீர்கள். சீட்டுப் போட்டது திருவிருந்து நாளில், அன்று அடுத்த சபைக்குப் போகிற வழக்கமும் நமக்கு இல்லை. ஆனால் வேறு வழி என்ன? ஞாயிறு ஆராதனைக்கு நாற்பத்துமூன்று குடும்பம் எந்த வீட்டிலும் அடங்கவில்லை. ஜூலையில் ஸூக் வீட்டு ஆராதனையில் பையன்களைத் தீவனத் தொட்டிமேல் உட்காரவைத்து, ஜெபத்தின் நடுவில் தொட்டி கவிழ்ந்தது உனக்கு மறந்திருக்காது.

போதகரைச் சீட்டுப் போட்டு எடுப்பதை நான் பார்த்ததே இல்லை. எத்தனை பேர் மேசைக்கு வந்தார்கள், பாட்டுப்புத்தகங்களை எப்படி வைத்தார்கள், உன் அப்பா எத்தனையாவதை எடுத்தார், எல்லாம் விவரமாக எழுது. நீ எட்டாம் வகுப்பு முடித்துப் போய்விட்டாலும், உன் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும் என்று டீச்சர் இன்னும் சொல்கிறாள்.

ஏன் திரும்பிக்கொண்டாய் என்றும் எழுது.

லவினா


அக்டோபர் 24, சனி

லவினா பீட்டர்ஷைமுக்கு,

விவரம் வேண்டுமாம். தருகிறேன். வேடிக்கை பார்க்கக் கிடைக்கவில்லையே என்று நீ ஏங்கக் கூடாது.

ஞானஸ்நானம் எடுத்தவர்கள் எல்லாரும் வரிசையாகப் பக்கத்து அறைக் கதவுக்குப் போய், தங்கள் மனதில் இருக்கிற ஆளின் பெயரை உள்ளே நின்ற பிஷப்பின் காதில் சொன்னார்கள். மூன்று பேராவது சொன்ன பெயர்தான் சீட்டுக்குப் போகும். ஆறு பெயர் போனது. கடைசியாக வாசித்தது அப்பாவின் பெயர். மேசைமேல் ஆறு பாட்டுப்புத்தகம், ஒவ்வொன்றையும் நூலால் கட்டியிருந்தார்கள். ஒன்றின் உள்ளே மட்டும் ஒரு துண்டுத்தாள். அப்பா நான்காவதை எடுத்தார். பிஷப் முதல் மூன்றையும் பிரித்தார், ஒன்றுமில்லை. அப்பாவுடையதைப் பிரித்தார். அவர் தாளை வெளியே எடுப்பதற்கு முன்பே அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். மற்ற ஐந்து பேரின் மனைவிகளும் அழுதார்கள். அது வேறு அழுகை. பிறகு சாவு வீட்டில் செய்வதுபோல் எல்லாரும் வந்து கையைப் பிடித்தார்கள். போதுமா?

என் அப்பாவுக்குச் சொல் தொண்டையில் சிக்கும். எந்த மாட்டுக்குக் காய்ச்சல் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கால்நடை டாக்டர் தானே மாட்டைக் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் இனி சாகும்வரை, சம்பளம் இல்லாமல், கையில் ஒரு தாள்கூட இல்லாமல், நூற்றைம்பது பேர் முன்னால் நின்று பேச வேண்டும். முடியாது என்று சொல்ல வழியில்லை. சீட்டு விழுந்தால் ஏற்றுக்கொள்வேன் என்று ஞானஸ்நானத்தன்றே வாக்குக் கொடுத்தாயிற்று.

ஏன் திரும்பிக்கொண்டேன் என்று கேட்டாய். கோடு மில் ஓடையில் போயிருந்தால் நாங்கள் உங்களோடு தெற்கில் இருந்திருப்போம். உங்களுக்குப் பிஷப் இருக்கிறார், போதகர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். தெற்கில் சீட்டே போட வேண்டியிருக்காது. ஆகஸ்ட் முழுக்க எல்லாரும் ஓடை, ஓடை என்றுதான் சொன்னார்கள். அப்புறம் உன் அப்பா வீட்டுப் பட்டியலைச் சபைக் காரியம் பார்க்கிற டீக்கனிடம் கொடுத்தார், கோடு குவாரி ரோட்டுக்கு வந்துவிட்டது. ஓடைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு வீடு. அது எங்கள் வீடு.

அந்த மாதம் உன் அப்பாவின் வலது கையை மாடு மிதித்துக் கட்டுப் போட்டிருந்தார். பட்டியலை எழுதியது யார்?

இனி ஸ்டாம்பை வீணாக்காதே.

மலிண்டா ரீல்


அக்டோபர் 28, புதன்

மலிண்டா,

ஸ்டாம்ப் என்னுடையது. வீணாக்குவதும் என் இஷ்டம்.

பட்டியலை எழுதியது நான்தான். மறைக்க அதில் ஒன்றுமில்லை. டீக்கன் ஐசக் கிளிக் எங்களிடம் கேட்டது இதுதான்: இரண்டு பக்கமும் வீடுகள் சமமாக வர வேண்டும், கிறிஸ்துமஸ் சமயத்தில் எத்தனை வீடு இருக்குமோ அந்தக் கணக்கு வேண்டும். ஓடையைக் கோடாக வைத்தால் தெற்கே இருபத்திமூன்று, வடக்கே இருபத்தொன்று. ரோட்டை வைத்தால் இருபத்திரண்டு, இருபத்திரண்டு. ரோடுதான் சரி என்று சொல்ல எட்டாம் வகுப்புகூடத் தேவையில்லை. அங்கத்தினர் கூட்டத்தில் ஒருவர் விடாமல் சம்மதம் சொன்னார்கள். உன் அம்மாவும் சொன்னாள்.

இன்னொன்று. சீட்டைப் போடுவது மனிதர், விழவைப்பது கடவுள் என்று நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்டோம். அப்படியானால் என் பென்சிலுக்கு அங்கே என்ன வேலை? என் பென்சில்தான் செய்தது என்றால், கடவுள் செய்யவில்லை என்று நீ சொல்கிறாய். இதை உன் அப்பாவிடம் சொல்லிப் பார், அவர் என்ன சொல்கிறார் என்று கேள்.

என் அம்மா படித்தபோது நம் பள்ளியில் பத்தொன்பது பேர். இப்போது முப்பத்தேழு, அதற்குமேல் எஷ் வீட்டு மேட்டில் இரண்டாவது பள்ளி வேறு. நம் அமிஷ் வீடுகளில் ஏழெட்டுப் பிள்ளைகள், அதில் ஒருவரோ இருவரோ வெளியே போகிறார்கள், மற்ற எல்லாரும் இங்கேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இருபது வருஷத்துக்கு ஒரு தடவை நாம் இரண்டு மடங்கு ஆகிறோம். நான் கூட்டிப் பார்த்திருக்கிறேன். நிலம் இரண்டு மடங்கு ஆவதில்லை. அதனால்தான் என் சித்தப்பா கென்டக்கிக்குப் போனார். இனியும் கோடு போட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். எந்தக் கோடும் யாராவது ஒருவர் வாசலில்தான் போகும். உங்கள் வாசலில் போனதற்கு என்னைப் பேசாதே.

உன் அப்பாவுக்காக வருத்தப்படுகிறேன். உனக்காக இல்லை.

லவினா


நவம்பர் 6, வெள்ளி

கணக்குப் புலி லவினாவுக்கு,

நேற்று எஷ் வீட்டுக் கல்யாணத்தில் முந்நூற்றைம்பது பேர் சாப்பிட்டார்கள். எனக்குச் செலரித் தண்டு கழுவுகிற வேலை. கல்யாணம் என்றால் செலரி இல்லாமல் முடியாது, குழம்பில் செலரி, மேசைமேல் ஜாடி ஜாடியாகச் செலரி, விரல் எல்லாம் மரத்துப்போய்விட்டது. எனக்குப் பக்கத்தில் நின்று கழுவியது பெர்த்தா பெய்லர். உங்கள் பக்கத்து பெர்த்தாதான். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க தோட்டத்துல அஞ்சு வரிசை செலரியப் பாத்ததும், என் வெர்னாவுக்குக் கல்யாணம்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. நான் போட்டது சந்தைக்கு. ஐசக்கோட பட்டியல்ல அவளுக்குப் புருஷனே வந்தாச்சாமே. ஆளு யாருன்னு சொன்னா நானும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வருவேன்."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். வெர்னா ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பாத்திரம் காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் நாற்பத்துமூன்று குடும்பம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவதில் இருபத்திரண்டும் இருபத்திரண்டும். நான் கூட்டினால் நாற்பத்துநான்கு வருகிறது. டீச்சரிடம் கேட்டுச் சொல், நான் கூட்டியது தப்போ என்னவோ.

இந்த வருஷத்துக் கல்யாண அறிவிப்பு எல்லாம் சபையில் சொல்லி முடித்தாயிற்று. வெர்னா பெயர் அதில் இல்லை. செலரியைப் பார்த்து நீ அவளுக்கு ஒரு புருஷனைக் கொடுத்தாய், அவனுக்கு ஒரு வீட்டைக் கொடுத்தாய், தெற்கில் இல்லாத அந்த இருபத்திமூன்றாம் வீடு எங்களை ரோட்டுக்கு அந்தப்பக்கம் தள்ளியது. நீ இதை எனக்கு எழுதவில்லை. கடவுளை எழுதினாய்.

அப்பாவின் முதல் பிரசங்கம் பதினைந்தாம் தேதி. மக்காச்சோளக் கொட்டகையில் நின்று பழகுகிறார். நோவாவைப் பற்றிப் பேசப் போகிறாராம். நோவா என்ற பெயரையே தாண்ட முடியவில்லை. முதல் எழுத்தில் நின்றுவிடுகிறார், கோழிகள்கூடக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. சாப்பாடு இரண்டு கவளம். யார்மேலும் ஒரு சொல் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ பிஷப்பிடம் போய் உண்மையைச் சொல். கோட்டைத் திரும்ப ஓடையில் போடும்படி கேள். நீ போகாவிட்டால் நான் போவேன், உன் கையெழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு.

மலிண்டா


நவம்பர் 11, புதன்

மலிண்டா,

போனேன். திங்கட்கிழமை பள்ளி விட்டதும் போனேன். உன் மிரட்டலுக்காக என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

முதலில் செலரி. ஆகஸ்டில் அம்மா ஜாடி கேட்டு வரச் சொல்லி பெய்லர் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் ஐந்து வரிசை. ஒரு வரிசையில் அறுபது செடி, நின்று எண்ணினேன். சாதாரண வீட்டுக்கு ஒரு வரிசை போதும். கல்யாணமான முதல் குளிர்காலத்துக்கு மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பான், அதனால் அவர்களைத் தனிக் குடும்பமாக எண்ணி, பட்டியலில் தெற்குப் பக்கம் ஒரு வரி கூடுதலாகப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. சபையில் அறிவிக்கும்வரை கல்யாணத்தைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை என்பது உனக்கும் தெரியும். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. ஐசக் அந்தக் கூடுதல் வரியைப் பார்த்தார், புன்னகை செய்தார், அவரும் கேட்கவில்லை.

இனி எழுதுவதை நீ கண்டுபிடிக்கவில்லை. நானாகச் சொல்கிறேன். செப்டம்பர் கடைசி வாரத்தில் பெர்த்தா செலரியைப் பெட்டி பெட்டியாகச் சந்தை வேனில் ஏற்றியதைப் பார்த்தேன். அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. கோடு போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. உங்கள் சீட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு நடை ஐசக் வீட்டுக்குப் போயிருந்தால் போதும்.

நான் போகவில்லை. ஏனென்றால் எங்கள் சமையலறையில் எல்லார் முன்னாலும் ஐசக் சொல்லியிருந்தார்: "எஸ்றா, உன் பொண்ணு கையில கொடுத்தா கணக்கு நேரா நிக்குது." நம்மில் யாரும் யாரையும் வாய்விட்டுப் புகழ்வதில்லை. எனக்கு அது முதல் தடவை. அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

பிஷப் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. கோட்டை ஓடைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். "நாளைக்கே மாத்தலாம், லவினா. கிதியோன் எந்தப் பக்கம் இருந்தாலும் இனிமே போதகர்தான். அத மாத்துறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். பிறகு, தப்புப் பண்ணியது யாருக்கு, சொல்வது யாரிடம் என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கிழங்கைப் பார்த்தார்.

அதனால் சனிக்கிழமை மாலை உன் அப்பாவிடம் சொல்ல வருகிறேன். தயவுசெய்து நீ அந்த நேரத்தில் அங்கே இருக்காதே. நீ பார்த்தால் எனக்கு வார்த்தை வராது.

ஒன்றை மட்டும் நான் திரும்பப் பெற மாட்டேன். நீ எழுதுகிறதைப் படித்தால் உன் அப்பாவின் பேச்சு ஏதோ வெட்கக்கேடு என்று தோன்றுகிறது. வேலிக்கு அந்தப்பக்கம் நின்று அவர் என்னோடு எத்தனையோ தடவை பேசியிருக்கிறார். நான் ஒரு நாளும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

லவினா


நவம்பர் 17, செவ்வாய்

லவினா,

இருக்காதே என்று நீ எழுதியதால்தான் இருந்தேன். வைக்கோல் தள்ளுகிற ஓட்டைக்கு மேலே, பரணில். எல்லாம் கேட்டது. பள்ளியில் பாடம் ஒப்பிக்கிறவள்போல் கைகட்டி நின்று சொன்னாய். செப்டம்பர் கதையையும் விடாமல் சொன்னாய், அதை நீ விட்டுவிடுவாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பா கறப்பதை நிறுத்தவில்லை. நீ முடித்தபின் மாட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அ... அப்போ என் பேரைக் கா... காதுல சொன்ன மூணு பேரு? அவங்களும் செ... செலரியா?"

நீ சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாய். உன் முகத்தைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து கேள் என்று அவர் உன்னிடம் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ போனபிறகு நடந்தது உனக்குத் தெரியாது. எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மா பால் வடிகட்டுகிற துணியோடு கதவடியில் நின்றிருந்தாள். "அந்த மூணுல ஒண்ணு நான்" என்றாள்.

அப்போதுதான் அப்பா கறப்பதை நிறுத்தினார்.

அம்மாவாகவே சொன்னாள். "நம்ம ஆனி போனப்ப, பேசத் தெரிஞ்சவங்க எத்தனையோ பேரு வந்து பேசிட்டுப் போனாங்க. எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்ல. நீங்க சொன்ன ஒண்ணுதான் நிக்குது." ஆனி என் தங்கை. நாலு வயதில் போய்விட்டாள். அப்பா அப்போது என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, அவர்கள் சொல்லவும் இல்லை.

ஒரு மாதமாக அம்மா அழுதுகொண்டே ரொட்டி சுட்டது இதற்குத்தான். எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் இத்தனை பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அம்மாவோடு பேசாமல் இருக்க இடம் போதாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறது. அதனால் அந்தக் கோபத்தையும் உன் பங்கோடு சேர்த்துவிட்டேன்.

ஞாயிறு நீயே வந்திருந்தாய், நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. நோவாவில் நின்றுவிட்டார். ஆண்கள் பக்கம் ஒருவரும் தலையைக் குனியவில்லை, எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர் வெளியே வந்தது. அதற்கப்புறமும் எத்தனையோ இடத்தில் நின்றார், ஒவ்வொன்றும் வந்தது. மற்றவர்கள் அரை மணி பேசுகிற இடத்தில் எட்டு நிமிஷம். சாப்பாட்டின்போது கிழவர் ஸூக், "இவ்வளவு சீக்கிரமா நோவா கரை ஏறி நான் பாத்ததே இல்ல" என்றாராம். அப்பா அன்று மூன்று துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டார்.

ஆனால் நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிக்கி நின்றபோதெல்லாம் உன் உதடு அசைந்தது. நீ அவருக்காக அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு நாளும் குறையாக நினைத்ததில்லை என்று எழுதினாயே. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் செய்ய மாட்டோம், கைக்குழந்தைகூடச் செய்யாது. நாங்கள் காத்திருப்போம்.

உன்னை மன்னித்துவிடு என்று அப்பா சொல்கிறார். இப்போது போதகர் வேறு, சொன்னால் கேட்டாக வேண்டும். வசந்தகாலத் திருவிருந்துக்கு முன் எல்லாரும் சமாதானம் ஆக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கட்டாயம் ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான். எனக்கு வயது பதினாலு. இன்னும் நாலு வருஷமாவது இருக்கிறது. ஒரு நாளையும் வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன்.

நேற்று ஐசக் வந்திருந்தார். பட்டியலைத் திருத்தி எழுத வேண்டுமாம், இந்தத் தடவை வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டுமாம், அதையும் நீதான் செய்ய வேண்டும் என்று பிஷப் சொல்லிவிட்டாராம். வந்தது வந்தாயிற்று, உங்கள் வீட்டுப் பெயர்களை இப்போதே வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். அப்பா வாயைத் திறப்பதற்கு முன் நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

தபாலிலும் அனுப்ப மாட்டேன். நீயே வந்து, உள்ளே உட்கார்ந்து, ஒவ்வொருவராக எண்ணிக்கொள்.

மலிண்டா ரீல்